மொரிதாவுக்காக ஆசிப் போட்ட எட்டு

டிரைவிங் லைசென்ஸ் வாங்க வண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சட்டத்தை டெல்லியில் உட்கார்ந்து எழுதினார்கள். அவர்களுக்குப் பீர் முகம்மது பாயைத் தெரியாது.

பாய் என் வகுப்புத் தோழன் ஆசிப்பின் அத்தா. கோட்டைமேட்டில் நூர் டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். அவரிடம் சேர்ந்த ஒருவரும் டெஸ்ட்டில் ஃபெயிலானதில்லை. சிலர் வண்டியில் ஏறியதும் இல்லை. ஒரு மனிதரைப் பார்த்து உனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று சொல்வது, பந்தியில் உட்கார்ந்தவரைக் கையைப் பிடித்து எழுப்புகிற மாதிரி என்று பாய் நினைத்தார். அதைச் செய்ய அவருக்கு மனம் வராது. எங்கள் பக்கத்தில் யாருக்குமே வராது. மொரிதாவின் கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது.

மொரிதா ஜப்பான்காரர். தொண்ணூற்று நான்காம் வருஷம் பொங்கல் கழிந்து கருமத்தம்பட்டிக்கு வந்தார். என் பெரியப்பா லட்சுமணசாமி, நாடா இல்லாமல் காற்றை ஊதியே நூலைத் தள்ளுகிற தறிகளை ஜப்பானிலிருந்து இறக்கியிருந்தார். தறிகளோடு வாரண்டி மாதிரி ஒரு இன்ஜினியரும் வந்தார். தறிகளை ஷெட்டில் நிறுத்தினார்கள். இன்ஜினியரை வீட்டு மாடியில், எனக்கு அடுத்த அறையில் வைத்தார்கள். நான் அந்த வீட்டில் தங்கிக் கோயமுத்தூரில் டெக்ஸ்டைல் டெக்னாலஜி மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டிருந்தேன் என்பது பெரியப்பாவின் நம்பிக்கை.

அந்த நம்பிக்கையில்தான் என்னை மொழிபெயர்ப்பாளராகப் போட்டார். மொரிதாவின் ஆங்கிலத்தில் வினைச்சொல் கிடையாது. என் ஆங்கிலத்தில் வினைச்சொல் உண்டு, எந்தக் காலத்தில் நடக்கிறது என்பது மட்டும் நிச்சயமில்லை. இருவரும் சேர்ந்தால் ஒரு வாக்கியம் தேறும். வீட்டில் எல்லோரும் என்னை ‘கண்ணு’ என்று கூப்பிட்டதால் அதுவே என் பெயர் என்று முடிவு செய்து, மரியாதைக்கு ஒரு ‘சான்’ சேர்த்துக்கொண்டார். கோயமுத்தூர் ஜில்லாவில் எத்தனையோ கண்ணுகள் உண்டு. கண்ணு-சான் நான் ஒருவன்தான்.

வந்து சில வாரம் மொரிதா தறியைத் தவிர எதையும் பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கை கழுவ ஷெட்டுக்குப் பின்னால் போனவர் திரும்பவில்லை. போய்ப் பார்த்தால் நூல் மூட்டைகளுக்கு நடுவே குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். எதிரே பெரியப்பாவின் புல்லட், போர்த்தியிருந்த கம்பளி பாதி விலகி நிற்கிறது. பக்கவாட்டில் எழுதியிருந்த எண்ணின் மேல் படிந்த தூசியை மொரிதா ஒற்றை விரலால் துடைத்துக்கொண்டிருந்தார். ஐந்நூறு.

பெரியப்பா ஆசைப்பட்டு வாங்கிய வண்டி அது. வாங்கிய மாசமே அவிநாசி ரோட்டில் ஒரு எருமையோடு அபிப்பிராய பேதம் ஏற்பட்டு இடுப்பு பிசகியது. அன்றைக்கே பெரியம்மா பாவாத்தாள் சாவியைப் பருப்பு டப்பாவுக்குள் போட்டுவிட்டார்.

“கண்ணு-சான்,” என்றார் மொரிதா. குரல் இறங்கியிருந்தது. “இது. நான். முடியும்?”

“லைசென்ஸ் இருந்தா முடியும் சார்.”

அவர் கம்பளியை இழுத்து, தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துவது போலப் போர்த்தினார்.

அன்று சாயங்காலம் தறி வந்த பெட்டியின் அட்டையில் படம் போட்டு விளக்கினார். அவர் ஊரில் நானூறு சிசி வரைக்கும் ஒரு லைசென்ஸ். அது அவரிடம் இருக்கிறது. அதற்கு மேலே போனால் வேறு லைசென்ஸ். அதை எந்த டிரைவிங் ஸ்கூலும் வாங்கித் தர முடியாது. அரசாங்க மைதானத்துக்கே போய் அரசாங்க வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். முதலில் வண்டியைத் தரையில் சாய்த்துப் போட்டிருப்பார்கள். தனி ஆளாகத் தூக்கி நிறுத்த வேண்டும். பிறகு எஞ்சினைப் போடாமல், எட்டு வடிவத்தில் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். அதெல்லாம் தேறினால்தான் ஏறவே விடுவார்கள். ஏறினால் முழ அகலம்கூட இல்லாத ஒரு பலகைப் பாலம். அதை வேகமாகக் கடந்தால் மார்க் போய்விடும். ஊர்ந்து போக வேண்டும். சக்கரம் நழுவினால் அத்தோடு சரி.

மெதுவாகப் போவதற்கு மார்க் என்றால், எங்கள் டவுன் பஸ் டிரைவர்கள் அத்தனை பேரும் ஜப்பானில் ஃபர்ஸ்ட் கிளாஸ்.

மொரிதா ஒவ்வொரு முறையும் அந்தப் பலகையில்தான் விழுந்தார். பரீட்சைக்காரர் ஒவ்வொரு முறையும் குனிந்து வணங்கி, மறுபடி வாருங்கள் என்று அனுப்பினார்.

பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெரியம்மா, நான் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, “ஏனுங்க, பலகைக்கு அக்கட்டால தரை கெடக்குதல்லங்க? அதுல போனா ஆகாதுங்களா?” என்றார்.

நான் மொழிபெயர்க்கவில்லை.

மொரிதாவின் மனைவி பெயர் கஸுவே. அவர்கள் பக்கத்தில் நல்ல சேதி வந்தால் சிவப்புப் பயறு போட்டுச் சோறு ஆக்குவார்களாம். டெஸ்ட்டுக்குப் போகிற காலையில் கஸுவே பயறை ஊறப் போடுவார். மொரிதா ஃபெயிலாகி வருவார். அன்றைக்கும் வெள்ளைச் சோறுதான். பெரிய வண்டியில் கணவனும் மனைவியுமாக வடக்கே ஒரு தீவுக்குப் போவது என்று கல்யாணமான புதிதில் பேசி வைத்திருந்தார்கள். கஸுவே ஹெல்மெட் வாங்கிவிட்டார். வாசலில் செருப்பு வைக்கிற தட்டுக்கு மேலே அது இருந்தது, இருக்கிறது. போகும்போதும் வரும்போதும் மொரிதாவைப் பார்க்கிறது. கடைசி டெஸ்ட்டன்று கஸுவே பயறு ஊறப் போடவில்லை. மறந்துவிட்டேன் என்றாராம்.

“மறக்கவில்லை,” என்றார் மொரிதா. இதை மட்டும் சுத்தமான ஆங்கிலத்தில், வினைச்சொல்லோடு சொன்னார்.

பெரியம்மா எழுந்து போய்ப் பருப்பு டப்பாவைத் திறந்தார்.

வெளிநாட்டுக்காரர் இங்கே தங்கி வேலை பார்த்தால் லைசென்ஸ் எடுக்கலாம் என்று விசாரித்துச் சொன்னது ஆசிப். பாஸ்போர்ட், விசா, போலீஸில் பதிவு செய்து வாங்கிய தங்குமிடச் சீட்டு, வீட்டு முகவரிக்கு அத்தாட்சி. எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டு எங்கள் பக்கத்து ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனோம். எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். எல்லாம் நம்மவர்கள்.

“பெரிய வண்டி லைசென்ஸ். எந்த ஜன்னல்?” என்று மொரிதா கேட்டார்.

கிளார்க் என்னைப் பார்த்தார். “பெரிய வண்டின்னா, லாரிங்களா?”

“ஐநூறு சிசி பைக்குங்க.”

“அதுக்கெல்லாம் தனியா இல்லீங்க. கியர் இருக்குதா, இல்லியா, அவ்வளவுதான். கியர் இருந்தாச் சின்னதும் ஒண்ணுதான், ரயில் எஞ்சினாட்டம் இருக்கறதும் ஒண்ணுதான்.”

மொழிபெயர்த்தேன். மொரிதா வெகு நேரம் ஜன்னல் கம்பியையே பார்த்தார். அவர் ஊரில் மலை என்று வைத்திருந்ததை இங்கே யாரோ ரோடு போட்டுச் சமன் செய்துவிட்டார்கள். பிறகு, “ஆனால் டெஸ்ட் உண்டு?” என்றார்.

“உண்டு சார். எட்டுப் போடணும்.”

“எட்டு,” என்றார். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

பழகுநர் உரிமம் கிடைத்த மறுநாளிலிருந்து மில் முற்றத்தில் பயிற்சி ஆரம்பித்தது. புல்லட்டுக்குக் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அவர் ஊர் வண்டிகளுக்கு நேர் எதிர். முதல் வாரம் பிரேக் என்று நினைத்துக் கியரை மாற்றி, வைக்கோல் போரில் நான்கைந்து முறை நின்றார். அதற்குப் பின் கால் பழகியது. தறி வந்த பெட்டியிலிருந்து ஒரு நீளப் பலகையை எடுத்து, செங்கல் மேல் வைத்தார். எட்டுப் போடுகிற டெஸ்ட்டில் பலகை கிடையாது என்று நான் எத்தனையோ முறை சொன்னேன். தெரியும் என்றார். ஷிப்டு முடிந்த தறிக்காரர்கள் டீ கிளாஸோடு வேடிக்கை பார்த்தார்கள். பலகையிலிருந்து விழும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பிடித்தார்கள். விழ விடுங்கள் என்று அவர் கெஞ்சினார். அதை மொழிபெயர்த்தும் பயனில்லை. ஒறம்பரையாக, விருந்தாளியாக வீட்டுக்கு வந்தவரை யாராவது விழ விடுவார்களா?

ஒருநாள் பலகையை முழுசாகக் கடந்தார். அன்றைக்குப் பெரியம்மா சந்தகையும் தேங்காய்ப்பாலும் செய்தார். மொரிதா சாப்பிட்டுக்கொண்டே, டெஸ்ட்டில் பாஸ் என்று ஒருவர் சொன்னால் அன்றே கஸுவேக்குப் போன் செய்து பயறை ஊறப் போடச் சொல்ல வேண்டும் என்றார். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். இந்த உலகத்தில் ஒரு பரீட்சைக்காரர், அவரைப் பெரிய வண்டியில் பார்த்துவிட்டு, பாஸ் என்று சொல்ல வேண்டும்.

டெஸ்ட் மைதானத்துக்கு மொரிதா இஸ்திரி போட்ட சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு வந்தார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பீர் முகம்மது பாய் முந்தியே வந்து வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு வைத்திருந்தார்.

“சார், வெயிலு. இப்பிடி உக்காருங்க. கூப்புடுவாங்க.” கையில் இளநீரைக் கொடுத்தார்.

மோட்டார் வாகன ஆய்வாளர் வேலன் வரிசையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒல்லியான, சிரிக்காத மனிதர். அவருக்கு அவர் மேலதிகாரி காலையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். லட்சுமணசாமி மில்லுக்கு வந்த வெளிநாட்டு இன்ஜினியர், வெயிலில் நிற்க வைக்காதீர்கள். மேலதிகாரிக்குச் சொன்னது பெரியப்பா. பெரியப்பாவிடம் அப்படிச் செய்யச் சொன்னது பாய். பாயிடம் யாரும் சொல்லவில்லை. அவர் மனசு சொன்னது.

“மொரிதா கெஞ்சி,” என்று வேலன் வாசித்தார். கென்ஜி என்பதை அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

மொரிதா இளநீரைக் கீழே வைத்து எழுவதற்குள் புல்லட் கிளம்பிவிட்டது. ஆசிப் ஏறி உட்கார்ந்திருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு எட்டுப் போட்டான். எட்டு அழகாகவே வந்தது. ஆசிப் அந்த மைதானத்தில் ஆயிரம் பேருக்கு எட்டுப் போட்டவன். தனக்கென்று போட்டதில்லை. அவனுக்கு லைசென்ஸே கிடையாது. அவன் முகத்தைப் பார்த்து ஜப்பான்காரர் என்று எழுத அரசாங்க உத்தியோகம் இருந்தால்தான் முடியும்.

வேலன் மரத்தடிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு எழுதினார்.

“பாஸ்,” என்றார். “போயிட்டு வாங்க சார்.”

மொரிதா கையுறையோடு நின்றுகொண்டிருந்தார். அடுத்து தன் முறை வரும் என்ற முகம். என்ன நடந்தது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. என் ஆங்கிலத்தில் காலம் சரியாக வந்த ஒரே வாக்கியம் அது. முடிந்துவிட்டது, சார்.

பாய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “உங்களப் போயி அந்தப் புழுதியில எட்டுப் போட வெப்பமாங்க? நாங்க எதுக்கு இருக்கறோம்?” அவர் கண்ணில் உண்மையான அன்பு இருந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. மொரிதா குனிந்து வணங்கினார். வேறு என்ன செய்வார்?

லைசென்ஸை பாயே வீட்டுக்குக் கொண்டு வந்தார், பிரியாணிச் சட்டியோடு. பெரியப்பா அதை சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துக் கொடுத்தார். புல்லட்டுக்குச் சந்தனம் வைத்தாகிவிட்டது.

“எடுங்க சார். ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க.”

மொரிதா சாவியை வாங்கி, பெட்ரோல் டேங்க் மேல் வைத்தார். லைசென்ஸை இரண்டு கையாலும் ஏந்தி ஆசிப்பிடம் நீட்டினார்.

“இது ஆசிப்-சானுடையது.”

“போட்டோ உங்களுது சார்,” என்றான் ஆசிப், திருதிருவென்று விழித்து.

அதற்குப் பின் மொரிதா அந்த வண்டியை ஓட்டவில்லை. ஆனால் விட்டுவிடவும் இல்லை. தினமும் சாயங்காலம், தறிகளை நிறுத்திவிட்டு, புல்லட்டை வெளியே எடுத்து மில் முற்றத்தில் எட்டு எட்டாகத் தள்ளிக்கொண்டு நடந்தார். தள்ளுவதற்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. கையில் லைசென்ஸ் இருக்கிற மனிதர், ஓடுகிற வண்டியை, வியர்த்து விறுவிறுக்கத் தள்ளுவதைக் கருமத்தம்பட்டி அதுவரை பார்த்ததில்லை. ரோட்டில் போகிறவர்கள் நின்றார்கள்.

“ஏனுங்க, ஸ்டார்ட் ஆகலீங்களா?”

“பிளக்கத் தொடச்சுப் பாத்தீங்களா?”

சோமனூரிலிருந்து ஒரு மெக்கானிக் கூப்பிடாமலே வந்தார். ஒரு உதை விட்டார், வண்டி இடி மாதிரி கிளம்பியது. “நல்லாத்தானுங்க இருக்குது,” என்று சொல்லிவிட்டு, மொரிதாவைக் கவலையோடு பார்த்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து மொரிதா வீட்டுக்குப் பேசுவார். நான் கூடப் போவேன். பேச்சில் பாதி மௌனம். மீட்டர் மௌனத்துக்கும் ஓடியது. டெஸ்ட்டுக்குப் பின் வந்த ஞாயிறு, அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். மொரிதா, “மதா” என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, “மதா.”

“நீங்க மாதாவை விடாதீங்க சார், அவங்க கைவிட மாட்டாங்க,” என்றார் பூத்து அக்கா.

வெளியே வந்து அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். “இன்னும் இல்லை,” என்றார் மொரிதா.

கஸுவே கேட்டது எது என்று நான் கேட்கவில்லை.

மறுபடி டெஸ்ட் வைக்கச் சொல்லி ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனோம். “லைசென்ஸ் இருக்கறவருக்கு டெஸ்ட் வெக்க ரூல்ஸ்ல எடமில்லீங்க,” என்றார் வேலன். பக்கத்து மேஜைக்காரர் பதறிப்போனார். “எங்ககிட்ட என்னங்க கொறை? வேணும்னா ரோடு ரோலரும் அதுல சேத்துத் தர்றோம்.” இன்னொருவர் என்னைத் தனியாக இழுத்து, “வெளிநாட்டுக்காரரு தம்பி. நாளைக்கி டெஸ்ட் வெச்சு ஃபெயிலாயிட்டாருன்னு வெய்யி, டெல்லியிலிருந்து கேப்பாங்க. யாரு பதில் சொல்றது?” என்றார்.

இதைத்தான் மொரிதா தெரிந்துகொள்ள விரும்பினார் போலிருக்கிறது. படி இறங்கும்போது, “இங்கே நான் ஃபெயிலாக முடியாது,” என்றார். பாராட்டு மாதிரியும் இருந்தது, தண்டனை மாதிரியும் இருந்தது.

பாய் ஒரு வழி சொன்னார். வெளிநாட்டில் லைசென்ஸ் எடுத்து அங்கேயே மூன்று மாசம் தங்கியிருந்தால், ஜப்பானிலும் அதைக் கணக்கில் எடுத்துப் பார்ப்பார்கள் என்று மொரிதாவே ஒருமுறை சொல்லியிருந்தார். “அப்பறம் என்ன சார்? கொண்டுபோயி அங்க காட்டுங்க. அம்மணியப் பின்னால உக்கார வெச்சு ஜம்முன்னு போங்க.”

“கஸுவே கேட்பாள், பலகையைக் கடந்தாயா என்று.”

“ஆமான்னு சொல்லிப்போடுங்க.”

மொரிதா சிரித்தார். அந்த மாதிரிச் சிரிப்பை நான் அரியர் ரிசல்ட் வருகிற நாளில் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

ஆவணி வந்தது. தறிகள் தாமாக ஓடக் கற்றுக்கொண்டுவிட்டன. மொரிதாவுக்கு வியாழக்கிழமை பிளேன். அதற்கு முந்தின ஞாயிறு பெரியப்பாவின் பேத்திக்குக் காதுகுத்து. தன் காகிதத்தில் எப்போதாவது கையெழுத்துப் போட்ட எல்லோரையும் பெரியப்பா அழைத்திருந்தார். மில் முற்றத்தில் பந்தல். வேலனும் வந்திருந்தார், வேட்டி கட்டிக்கொண்டு. யூனிபார்ம் இல்லாமல் பார்க்க யாரோ மாதிரி இருந்தார்.

சாப்பிட்டு வந்து வெற்றிலை போடும்போது வேலன், பந்தலுக்கு அந்தப் பக்கம் மொரிதா புல்லட்டைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தார். விசேஷ நாளிலும் விடவில்லை.

“வண்டி ரிப்பேருங்களா?” என்று என்னைக் கேட்டார்.

சொன்னேன். அரசாங்க மைதானம், பலகை, ஊறுகிற பயறு, தட்டின் மேல் ஹெல்மெட், எல்லாவற்றையும். வியாழக்கிழமை போகிறார் என்பதையும்.

வேலன் வெற்றிலையைப் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். “எங்கூடு அந்தியூருக்கு அக்கட்ட. பண்ணையத்துல கூலி வேலைங்க,” என்றார் யாரிடமோ சொல்வது போல. “சர்வீஸ் கமிஷன் பரீட்சை மூணாவது தடவைதான் பாஸானேன். ரெண்டு தடவ ஃபெயிலு. அந்த ரெண்டு தடவையும் ஃபெயில் போடாம பாஸ சும்மா குடுத்திருந்தா, யூனிபார்ம் சட்டைய நான் எப்பிடிப் போட்டிருப்பனோ தெரியல.” வெற்றிலையைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டு, “அன்னைக்கு நாந்தான பாஸுன்னு எழுதினேன்,” என்றார்.

எழுந்து மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார்.

“இன்னைக்கு நான் ஆபீசர் இல்ல. ரூல்ஸ் இல்ல. வண்டியச் சாய்க்கச் சொல்லு கண்ணு.”

மொரிதா என் முகத்தைப் பார்த்தார், வேலன் முகத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது. மாடிக்கு ஓடிக் கையுறையோடு வந்தார். புல்லட்டை ஒரு சாக்கின் மேல் மெல்லச் சாய்த்தார். அவ்வளவுதான், பந்தலே எழுந்துவிட்டது.

“அய்யோ உழுந்துட்டாருங்க, புடிங்க, புடிங்க.”

“யாரும் தொடாதீங்க,” என்றார் வேலன்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் பெரியப்பா உட்பட எல்லோரும் நின்றுவிட்டார்கள். இந்த ஊரில் மொரிதாவுக்கு உதவி செய்யாமல் ஒருவர் நின்றது அதுதான் முதல் தடவை. மொரிதா அவரைப் பார்த்துத் தலை குனிந்துவிட்டு, ஹேண்டில்பாரைப் பிடித்து, முழங்காலை மடக்கி, கழுத்து நரம்பு புடைக்க வண்டியைத் தூக்கி நிறுத்தினார். பந்தலில் கைதட்டல். வேலன் கையைத் தூக்கினார். கைதட்டல் நின்றது.

எட்டாகத் தள்ளினார். அதில் சந்தேகமே இல்லை. மாதக்கணக்காகத் தள்ளியவர். பிறகு ஏறி, உதைத்து, முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி, இன்னும் செங்கல் மேலேயே கிடந்த பலகைக்கு நேராக வந்தார்.

புல்லட் பலகை மேல் ஏறியது. எஞ்சின் ஒவ்வொரு துடிப்பாக, எண்ணிவிடலாம் போல அடித்தது. காது குத்தின குழந்தைகூட அழுகையை நிறுத்தியிருந்தது. மொரிதாவின் தலை கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்துகொண்டே வந்தது. பாதி. பாதிக்கு மேல். பெரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பலகை முடிகிற இடத்துக்கு ஒரு முழம் முன்னால் முன்சக்கரம் இடது பக்கம் நழுவித் தரையில் இறங்கியது. கால் ஊன்றினார். விழவில்லை.

பந்தல் முழுக்கக் கைதட்டியது. விசில்கூட வந்தது. “சூப்பருங்க. பாஸ், பாஸ்,” என்று தறிக்காரர்கள் கத்தினார்கள். பாய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கட்டிப்பிடிக்க வந்தார். “ஒரு மொழந்தான? அதெல்லாம் ஒரு கணக்குங்களா?”

மொரிதா யாரையும் பார்க்கவில்லை. வேலனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலன் ஒருமுறை செருமினார். எங்கள் பக்கத்தில் பிறந்து வளர்ந்த ஒரு மனிதர், இலை போட்டுச் சோறு போட்ட வீட்டில், அந்த வீட்டு விருந்தாளியின் முகத்துக்கு நேராக அதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

“ஃபெயிலுங்க சார்,” என்றார்.

“ஏனுங்க வேலன்,” என்றார் பெரியப்பா, முகம் செத்துப்போய். “ஊட்டுக்கு வந்தவரை இப்பிடிப் பண்ணிப்போட்டீங்களே. ஒறம்பரைங்க அவரு.”

“தெரியுதுங்க,” என்றார் வேலன்.

மொரிதா வண்டியை ஸ்டாண்டு போட்டார். கையுறையைக் கழற்றினார். வேலனுக்கு முன்னால் வந்து இடுப்பு வரை குனிந்தார். நிமிரவே இல்லை. அவ்வளவு நேரம் அவர் குனிந்து நான் பார்த்ததில்லை. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது, முகத்தில் சந்தோஷம் இருந்தது. இரண்டும் ஒன்றாக ஒரு முகத்தில் எப்படி இருக்கும் என்று இன்றைக்குக் கேட்டால் சொல்லத் தெரியாது.

“என் தவறு?” என்றார்.

“டயரப் பாத்தீங்க சார். தூரமாப் பாக்கோணும்.”

மொழிபெயர்த்தேன். மொரிதா தலையாட்டினார். பிறகு, “அடுத்த டெஸ்ட்?” என்றார்.

வேலன் என்னைப் பார்த்தார். வியாழக்கிழமை பிளேன் என்பது அவருக்குத் தெரியும். பெரியப்பாவுக்குத் தெரியும், பந்தலில் பந்தி பரிமாறியவருக்குக்கூடத் தெரியும்.

“வர்ற ஞாயித்துக்கெழமைங்க,” என்றார் வேலன். “காத்தால பத்து மணிக்கு.”

இதை நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. மொரிதாவுக்கு எட்டு மாசத்தில் எங்கள் பேச்சு கொஞ்சம் ஒட்டியிருந்தது.

“வாரேனுங்க,” என்றார்.

அன்று சாயங்காலம் பூத்தில் அவர் முதல் தடவையாக நிறைய பேசினார். கையால் பலகை காட்டினார், சக்கரம் நழுவுவதைக் காட்டினார், போனில் தெரியாது என்று அறிந்தே காட்டினார். அந்தப் பக்கம் கஸுவே சிரித்தது எனக்கே கேட்டது. பிறகு இருவரும் பேசாமல் இருந்தார்கள். மீட்டர் ஓடியது. அவர் வைக்கவில்லை.

வியாழக்கிழமை பீளமேட்டில் பிளேன் ஏற்றிவிட்டு வந்தோம். பெரியம்மா ஒரு வாரம் வேலன் பேரை எடுத்தாலே திட்டினார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மில் வாசலில் ஒரு பழைய ஸ்கூட்டர் வந்து நின்றது. வேலன். யூனிபார்ம் போட்டிருந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாமல், தொப்பியோடு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு. போன வாரம் வேட்டியில் வந்தது அவருக்குச் சரியாகப் படவில்லை போலிருந்தது.

“சார் போயிட்டாருங்களே,” என்றேன்.

“தெரியும் கண்ணு. வர்றேன்னு சொன்னாரு. நான் வர்லீன்னா நல்லாருக்காதல்ல.”

காபி வேண்டாம் என்றார். பலகைக்குப் பக்கத்தில் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றார். பெரியப்பா நாற்காலி கொண்டுவரச் சொன்னார். அதிலும் உட்காரவில்லை. ஷெட்டுக்குள் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு டெஸ்ட் நடக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றார். அதற்கு மேலும் நின்றார்.

அப்புறம் பெரியப்பாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஸ்கூட்டரைச் சாய்த்து உதைத்தார். பெரியப்பாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“ஏனுங்க, இன்னைக்கும் அவரு ஃபெயிலுதானுங்களா?”

“இல்லீங்க,” என்றார் வேலன். “ஆப்சென்ட்டு. ஆப்சென்ட் ஆனவங்க எப்ப வேணா வரலாங்க.”